மூன்று லைஃப் ஜாக்கெட், ஒரு கிணறு

இரண்டு வருடத்தில் மூன்று லைஃப் ஜாக்கெட் வாங்கிவிட்டேன். கடலோர ஊர்க்காரன் இல்லை, சொந்தப் படகு கிடையாது, வீடு ஈரோட்டில். தண்ணீர் என்றால் காவிரி, பவானி, வாய்க்கால், அப்புறம் மாமனார் தோட்டத்துக் கிணறு, அவ்வளவுதான். வாங்கியதில் ஒன்று இப்போது மாமனார் வீட்டுத் திண்ணையில் நாய்க்கு மெத்தையாகக் கிடக்கிறது. இன்னொன்று என் கார் டிக்கியில். மூன்றாவது மகளுடையது, அதை அவள் கதவுக்குப் பின்னால் ஸ்கூல் பைக்குப் பக்கத்தில் மாட்டி வைத்திருக்கிறாள். கம்பெனிப் பெயர் எதையும் இங்கே போடவில்லை. முதலாவதை விற்றவர் இப்போது அந்தத் தளத்திலேயே இல்லை. மற்ற இரண்டும் நல்ல சரக்குதான், ஆனால் பெயரைப் பார்த்து வாங்குவதைவிட உள்பக்கம் தைத்திருக்கும் துணி லேபிளைப் பார்த்து வாங்குவது எவ்வளவோ மேல், அதைச் சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுத உட்கார்ந்தேன்.

முதலில், ஏன் வாங்கினேன். ஒரு மலை ஊருக்குப் போயிருந்தோம், ஊர் பெயர் வேண்டாம். அங்கே ஏரியில் படகுச் சவாரி. டிக்கெட் எடுத்து வரிசையில் நின்று துறைக்குப் போனால், தார்ப்பாய் மேல் ஜாக்கெட்டுகள் குவியலாகக் கிடந்தன. பல நாள் துவைக்காத போர்வை மாதிரி ஒரு வாடை, முந்தைய ஆள் கழற்றிப் போட்ட ஈரம் அப்படியே. எனக்குக் கிடைத்ததில் மூன்று பக்கிளில் ஒன்று உடைந்து, வாரை முடிச்சுப் போட்டு வைத்திருந்தார்கள். மகளுக்கு அப்போது ஆறு வயது. அவளுக்கும் பெரியவர்கள் சைஸ்தான் வந்தது. "சின்ன சைஸ் இல்லீங்களா?" என்று கேட்டேன். "பாப்பாவுக்கு இதே போதும் சார், அரை மணி நேரம்தானே" என்றார் துறையில் நின்றவர். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை, அந்தக் கூட்டத்துக்கு அவர் ஒற்றை ஆள். படகு நகர்ந்த பிறகு என்னவோ தோன்றி, மகளின் ஜாக்கெட்டை இரண்டு தோள்பட்டையிலும் பிடித்து மேலே இழுத்துப் பார்த்தேன். ஜாக்கெட் மட்டும் கையோடு வந்தது. அவள் பலகையில் உட்கார்ந்தபடியே, கழுத்துத் துளைக்குள்ளிருந்து கண் மட்டும் தெரிய, "அப்பா, உள்ள இருட்டா இருக்கு" என்று சிரித்தாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. தண்ணீருக்குள்ளும் இதேதான் நடக்கும். ஜாக்கெட் மேலே போகும், பிள்ளை அதிலிருந்து கீழே நழுவும். மீதி அரை மணி நேரமும் ஏரியையும் பார்க்கவில்லை, மலையையும் பார்க்கவில்லை, அவள் கையைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தேன். அன்று ராத்திரி லாட்ஜில் படுத்துக்கொண்டே ஆன்லைனில் ஒன்று ஆர்டர் போட்டேன். அவசரப் புத்தி.

அதுதான் முதல் ஜாக்கெட். 549 ரூபாய். ஆரஞ்சு நிறம், முதுகில் ஒளிரும் பட்டை, படத்தில் பார்க்கக் கடற்படைக்காரர் போடுவது மாதிரி இருந்தது. "100 கிலோ வரை தாங்கும்" என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். நான் 78 கிலோ, தாராளம் என்று நினைத்துக்கொண்டேன். இந்த வாக்கியத்தில்தான் முக்கால்வாசிப் பேர் ஏமாறுகிறோம். அது 100 கிலோ எடையுள்ள ஆள் வரை மாட்டலாம் என்று சொல்கிறது, எவ்வளவு தூக்கிப் பிடிக்கும் என்று சொல்லவில்லை. தூக்கிப் பிடிக்கும் விசையை நியூட்டனில் சொல்வார்கள், லேபிளில் 50, 100, 150 என்று எண்ணும் பக்கத்தில் ஆங்கில N எழுத்தும் இருக்கும். 50 நியூட்டன் என்றால் கிட்டத்தட்ட 5 கிலோ. 78 கிலோ ஆளை 5 கிலோ எப்படித் தூக்கும் என்று கேட்கலாம், நானும் கேட்டேன். உடம்பே பெரும்பாலும் தண்ணீர்தானே, உள்ளே இறங்கிவிட்டால் நம்மில் முக்கால்வாசிப் பேருக்குத் தலையை வெளியே நிறுத்த 3 முதல் 5 கிலோ உதவி இருந்தால் போதும். என் ஆரஞ்சு ஜாக்கெட்டில் நியூட்டன் எண்ணே இல்லை. எந்தத் தர எண்ணும் இல்லை. துவைக்கும் முறை மட்டும் அச்சடித்திருந்தது, அதிலும் எழுத்துப்பிழை.

சரி, சோதித்துப் பார்த்துவிடலாம் என்று மாமனார் தோட்டத்துக்குக் கொண்டுபோனேன். அந்தியூர்ப் பக்கம் தோட்டம், படி வைத்துக் கட்டிய பழைய கிணறு, அந்த மாதம் பாதிக்கு மேல் தண்ணீர் நின்றது. மச்சான் சின்ன வயதிலிருந்து அதில் குதித்து வளர்ந்தவன், அதனால் முதலில் அவன்தான் இறங்கினான். மேலே கயிறோடு நான். மாமனார் மோட்டார் ரூம் நிழலில் நின்றுகொண்டு, "ஏனுங்க மாப்பிள்ளை, எங்க காலத்துல ஒரு சுரைக்குடுக்கையைக் கட்டித்தானுங்க எல்லாரும் நீச்சப் பழகுனோம், இதுக்குப் போயி பணத்தக் குடுப்பாங்களா?" என்றார். மச்சான் கையைக் காலை ஆட்டாமல் சும்மா நின்றதும் ஜாக்கெட் இரண்டு காதுக்கும் மேலே ஏறியது, அவன் வாய்க்குக் கீழ் உதட்டில் தண்ணீர். பேச வாயைத் திறந்தால் உள்ளே போகும். "மாமா, இதுக்கு நான் சும்மாவே மெதப்பேன்" என்று துப்பிக்கொண்டே ஏறி வந்துவிட்டான்.

அப்புறம் எடைக்கல் சோதனை. இதை யார் வேண்டுமானாலும் செய்து பார்க்கலாம். தோட்டத்தில் பழைய இரும்பு எடைக்கற்கள் கிடந்தன. இரும்புக் கல்லும் தண்ணீருக்குள் எட்டில் ஒரு பங்கு எடையை இழந்துவிடும், 5 கிலோ கல் உள்ளே 4.4 கிலோ மாதிரிதான் இழுக்கும். ஆகவே உண்மையான 50 நியூட்டன் ஜாக்கெட் 5 கிலோ கல்லைக் கட்டினாலும் மூழ்கக் கூடாது. ஜாக்கெட் பத்திரமாக இருக்கட்டும் என்று தனியாக ஒரு கயிறும் கட்டி இறக்கினேன். ஆரஞ்சு ஜாக்கெட் 5 கிலோ கல்லோடு ஒரு குமிழிகூட விடாமல் போய்விட்டது. இழுத்து மேலே கொண்டுவந்து 2 கிலோ கல்லுக்கு மாற்றினேன், மிதந்தது. ராத்திரி முழுக்க அப்படியே விட்டுவைத்தேன், ஏனென்றால் முறையாகச் சோதிக்கும் இடங்களில் ஒரு நாள் முழுக்க ஊறப்போட்டு மறுபடி அளப்பார்கள் என்று படித்திருந்தேன். காலையில் போய்ப் பார்த்தால் தண்ணீர் மேல் எதுவும் இல்லை, கயிறு விறைப்பாக நேராக உள்ளே போயிருந்தது. மேலே இழுத்துத் தையலைப் பிரித்தோம். ஒரே துண்டாக நுரை இருக்க வேண்டிய இடத்தில் கை அகலத் துண்டுகள், நாலைந்து நிறத்தில், கூடவே நொறுங்கிய தெர்மாகோல், எல்லாம் மெல்லிய பாலிதீன் கவருக்குள். கவர் ஒரு பக்கம் கிழிந்து தண்ணீர் குடித்திருந்தது. திண்ணையில் காயப்போட்டால் மறுநாள் வரை சொட்டியது. நாய் அன்றே அதைத் தனது என்று முடிவு செய்துவிட்டது. நட்சத்திரம் கொடுக்கச் சொன்னால் நாய் ஐந்து கொடுக்கும்.

மாமனார் சொன்ன சுரைக்குடுக்கை விஷயத்தை அப்படியே விட முடியவில்லை, அது மனசில் ஓடிக்கொண்டே இருந்தது. நீச்சல் பழகும் பையன் முதுகில் காய்ந்த குடுக்கையைக் கட்டுவார்கள், எங்கள் காலத்தில் டியூபும் பிளாஸ்டிக் கேனும் வந்தது. முதுகில் ஏன்? அவன் குப்புறப் படுத்துக் கையை வீச வேண்டும், அதற்கு அதுதான் வசதி. பக்கத்தில் சித்தப்பாவோ மாமாவோ இருப்பார், தலையைத் தூக்குவது அவன் பொறுப்பு. ஆனால் அதே குடுக்கை, அடிபட்டு நினைவு தப்பிய ஆளின் முதுகில் இருந்தால் அவன் முகத்தைத் தண்ணீருக்குள் அமுக்கி வைத்திருக்கும். லைஃப் ஜாக்கெட்டின் ரகசியம் இதற்கு நேர்மாறானது. மிதக்கும் சரக்கில் பெரும்பங்கு நெஞ்சுப் பக்கமும் கழுத்தைச் சுற்றியும் இருக்க வேண்டும், அப்போதுதான் ஆள் தானாக மல்லாக்கத் திரும்புவான். கடையில் ஜாக்கெட்டைக் கையில் எடுத்ததும் முன்பக்கமும் பின்பக்கமும் அமுக்கிப் பாருங்கள். இரண்டும் ஒரே தடிமன் என்றால் அது நீந்தத் தெரிந்தவனுக்கானது. முன்பக்கம் குண்டாக, கழுத்துக்குப் பின்னால் காலர் வைத்து இருந்தால் அது நினைவில்லாதவனையும் திருப்பிப் போடப் பார்க்கும்.

இன்னொரு வேடிக்கை. இரண்டாம் உலகப் போர்க் காலம் வரை லைஃப் ஜாக்கெட்டுக்குள் அடைத்தது நம் இலவம்பஞ்சு. போடிநாயக்கனூர்ப் பக்கம் மூட்டை மூட்டையாக மெத்தைக்குப் போகும் அதே பஞ்சு. இழை உள்ளே வெற்றுக் குழல், மேலே மெழுகுப் பூச்சு, தண்ணீர் ஒட்டாது. அதற்கும் முன்னால் தக்கைக் கட்டைகளைத் துணியில் கோத்து மாட்டினார்கள், 1854இல் இங்கிலாந்தில் வார்டு என்ற கேப்டன் உயிர்காப்புப் படகுக்காரர்களுக்காகச் செய்தது அந்த மாதிரி. இலவு காத்த கிளி ஏமாந்தது என்று சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறோம், அந்தக் காய்க்குள் இருந்த பஞ்சை நம்பிக் கப்பலேறியவர்கள் எத்தனையோ பேர். பஞ்சை அமுக்கினால், எண்ணெய் பட்டால், மிதப்பு போய்விடும். அதனால்தான் நுரைக்கு மாறினார்கள்.

இரண்டாவது ஜாக்கெட்டைக் கடைக்கே போய், மாட்டிப் பார்த்து வாங்கினேன். கோயமுத்தூரில் ஒரு பெரிய விளையாட்டுச் சாமான் கடை. 1,800 ரூபாய்க்குக் கொஞ்சம் கூட. லேபிளில் 50 நியூட்டன், சர்வதேசத் தர எண் 12402, எத்தனை கிலோ ஆளுக்கு, நெஞ்சுச் சுற்றளவு எவ்வளவு, எல்லாம் இருந்தது. விற்பனைப் பையனுக்கு ஜாக்கெட் பற்றி ஒன்றும் தெரியவில்லை, ஆனால் நான் சொன்னதும் தோள்பட்டையைப் பிடித்துத் தூக்கிக் காட்டினான். மூக்கு வரை வரவில்லை, தாடைக்குக் கீழேயே நின்றது. அதுதான் எனக்கு வேண்டிய ஒரே உத்தரவாதம். வயிறு கொஞ்சம் முன்னால் வந்த என் மாதிரி ஆட்களுக்கு ஒரு யோசனை: பக்கவாட்டு வாரை உட்கார்ந்துகொண்டு இறுக்குங்கள். நின்றபடி இறுக்கினால் படகில் உட்கார்ந்ததும் மூச்சு முட்டும், உடனே தளர்த்திவிடுவோம், தளர்த்தினால் மறுபடி பழைய கதை.

கிணற்றில் இது 5 கிலோ கல்லோடு மிதந்தது, மறுநாள் காலையிலும் மிதந்தது. மாமனார் ஒன்றும் சொல்லவில்லை, எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். நான் மாட்டிக்கொண்டு இறங்கியபோது கழுத்து முழுக்க வெளியே நின்றது, கை வீச இடைஞ்சல் இல்லை, அக்குள் ஓட்டை பெரியது. ஆனால் கண்ணை மூடிக் குப்புறப் படுத்துப் பார்த்தேன், அப்படியே கிடந்தேன். திருப்பவில்லை. 50 என்பதற்கு அதுதான் அர்த்தம், இது மிதவை உதவி, கரையோ உதவியோ பக்கத்தில் இருக்கிற, நீந்தத் தெரிந்த ஆளுக்கானது. பல இடங்களில் இதையே லைஃப் ஜாக்கெட் என்று நீச்சலே தெரியாதவர்களுக்கும் மாட்டிவிடுகிறார்கள். ஒன்றுமே இல்லாததற்கு இது எவ்வளவோ தேவலை, ஆனால் வித்தியாசம் தெரிந்து மாட்ட வேண்டும்.

குறைகள்: சித்திரை வெயிலில் வேர்த்துக் கொட்டும். ஜிப்பில் மணல் புகுந்தால் நகராது, மேட்டூர் நீர்த்தேக்கத்தின் கரையில் தூண்டில் போடப் போனபோது பத்து நிமிடம் போராடினேன், பழைய டூத் பிரஷ் ஒன்றை அதற்காகவே இப்போது பையில் வைத்திருக்கிறேன். விசில் கொடுக்கவில்லை, தனியாக வாங்கிக் கட்டினேன். தண்ணீர் இரைச்சலில் மனிதக் குரல் எடுபடாது, விசில் எடுபடும். நாலு நட்சத்திரம்.

மகளுடையதுதான் மூன்றாவது, 3,200 ரூபாய். அவளுக்கு அப்போது 21 கிலோ. அந்த எடைக்கு 50 வாங்கவே கூடாது, காலர் வைத்த 100 வகைதான். (100 என்பது வகையின் பெயர், குழந்தை சைஸில் உள்ளே இருக்கும் மிதப்பு அதைவிடக் குறைவுதான், லேபிளைப் பார்த்துக் குழம்ப வேண்டாம்.) பிடித்துத் தூக்க உச்சியில் ஒரு கைப்பிடி இருக்கிறது, படகிலிருந்து குனிந்து பிள்ளையை இழுக்க அது ரொம்ப முக்கியம். அதைவிட முக்கியம் கால் இடுக்கு வழியாக வந்து முன்னால் மாட்டும் வார். பார்த்ததும் மாமனார், "இதென்னுங்க, கோமணமாட்ட" என்றார். மகள் அதைக் கேட்டுவிட்டாள், அதோடு மாட்ட மாட்டேன் என்று அடம். ஆனால் அந்த வார் இல்லாவிட்டால் குழந்தை ஜாக்கெட் வாங்கிய காசு வீண், அவர்களுக்கு இடுப்பும் கிடையாது, தோளும் கிடையாது, நழுவித்தான் போவார்கள்.

ஈரோட்டில் நீச்சல் குளத்தில் வைத்துச் சோதித்தோம், நெஞ்சளவு தண்ணீரில், நான் பக்கத்தில் நின்றுகொண்டு. "தூங்குற மாதிரி குப்புறப் படு" என்றேன். முகத்தைத் தண்ணீரில் வைத்ததும் ஒரு பக்கத் தோள் மெதுவாக உயர்ந்தது, அப்புறம் சட்டென்று, யாரோ கை வைத்துப் புரட்டியது மாதிரி மல்லாக்கத் திரும்பிவிட்டாள். தலைக்குப் பின்னால் காலர் தலையணை மாதிரி. கண்ணைத் திறந்து, "நான் ஒண்ணுமே பண்ணலப்பா" என்றாள். அதை ஏழெட்டு முறை திரும்பத் திரும்பச் செய்தாள். கோமண வாரைப் பற்றிய பேச்சு அதற்குப் பிறகு எழவில்லை. ஒரே குறை, இன்னும் ஒன்றரை வருடத்தில் இது அவளுக்குச் சிறிதாகிவிடும். வளர்ந்த பிறகும் போடட்டும் என்று பெரிய சைஸாக வாங்குவது ஸ்கூல் யூனிஃபார்முக்குச் சரி, இதற்குச் சரிப்படாது. அரை நட்சத்திரம் விலைக்காகக் குறைக்கிறேன், வேறு ஒன்றுமில்லை.

இந்த இரண்டையும் மாட்டிக்கொண்டு ஒகேனக்கல் போனோம். பேப்பரில் தினமும் "ஒகேனக்கல்லுக்கு நீர்வரத்து வினாடிக்கு இத்தனை கன அடி" என்று வருமே, அது தமிழக-கர்நாடக எல்லையில் உள்ள பிலிகுண்டுலுவில் அளப்பது. ஒரு கன அடி 28 லிட்டர் சொச்சம். 10,000 கன அடி என்றால் ஒவ்வொரு வினாடியும் கிட்டத்தட்ட 2,80,000 லிட்டர் உங்களைக் கடந்து போகிறது. வரத்து கூடினால் பரிசலுக்கும் குளிக்கவும் தடை போட்டுவிடுவார்கள், அந்தச் செய்தியைப் பார்த்ததும் முணுமுணுக்கிற கூட்டத்தில் நானும் ஒரு காலத்தில் இருந்தேன். ஓட்டத்தின் வேகம் இரண்டு மடங்கானால் அது உடம்பைத் தள்ளும் விசை நாலு மடங்காகும். வரத்து கூடிய நாளில் இன்னும் கொஞ்சம் இறுக்கிக் கட்டிய ஜாக்கெட் அதற்குப் பதில் ஆகாது. போகும் முன் அன்றைய வரத்தைப் பாருங்கள், மழை இங்கே இல்லை, வானம் வெளுப்பாக இருக்கிறது என்பதெல்லாம் கணக்கே இல்லை, தண்ணீர் கர்நாடக அணைகளிலிருந்து வருகிறது.

எங்களுக்கு வந்த பரிசல்காரர் நடுவயதுக்காரர். துறையில் கொடுக்கும் ஜாக்கெட் வேண்டாம், எங்களுடையது இருக்கிறது என்றதும் ஒரு மாதிரி பார்த்தார். கிட்டே வந்து, ஒரு வார்த்தை பேசாமல், மகளின் தோள்பட்டையைப் பிடித்து மேலே ஒரு இழுப்பு. பிள்ளையே தரையிலிருந்து எழும்பினாள். "ம்ம், ஏறு" என்றார். எனக்கு அந்த ஆளை அங்கேயே பிடித்துப் போய்விட்டது. என்னை ஒரு பக்கம், மனைவியையும் மகளையும் எதிர்ப்பக்கம் உட்கார வைத்தார், "எந்திரிக்கக் கூடாது, போட்டோ எடுக்கறதுன்னா உக்காந்தே எடுங்க" என்றார். பரிசல் வட்டம், அடியில் நடுத்தண்டு கிடையாது, ஒரு பக்கம் பாரம் கூடினால் தட்டு சாய்வது மாதிரி சாயும். மூங்கில் பின்னல், முன்பு தோல் போர்த்தினார்கள், இப்போது பிளாஸ்டிக் ஷீட்டும் தாரும். பாறைச் சுவர்களுக்கு நடுவே போகும்போது துடுப்பை ஒரு வீச்சு வீசிச் சுற்றவிட்டார். மகள் கத்திய கத்தல் பாறையில் மோதித் திரும்பி வந்தது. அருவிச் சாரல் முகத்தில் அடிக்கும்போது நான் முதல் தடவையாக அவள் கையைப் பிடிக்காமல் வேடிக்கை பார்த்தேன். 3,200 ரூபாய்க்கு வாங்கியது என்ன என்று கேட்டால் இதுதான்.

வரும் வழியில் அவரிடம், யாராவது விழுந்தால் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டேன். "மல்லாந்துக்கணும், காலு முன்னால, ஓடற பக்கமா. நிக்கக் கூடாது" என்றார். இதை ஆற்றுப் படகு கற்றுக்கொடுக்கிற எல்லா ஊரிலும் இதே மாதிரிதான் சொல்கிறார்கள். இடுப்பளவு தண்ணீர்தானே என்று ஓட்டத்தில் காலை ஊன்றினால், பாறை இடுக்கில் பாதம் மாட்டிக்கொள்ளும், பின்னாலிருந்து தண்ணீர் முதுகைத் தள்ளும், ஆள் அப்படியே முன்னால் மடிவான். ஜாக்கெட் போட்டிருந்தாலும் அந்தப் பிடியிலிருந்து எழ முடியாது. தண்ணீர் அடங்கிய இடத்துக்கு வந்த பிறகு, குப்புறத் திரும்பி, கரையைப் பார்த்து நீந்த வேண்டும்.

ஜாக்கெட் ஒன்றும் செய்ய முடியாத இன்னொரு இடம் தடுப்பணை. நம் பக்கம் ஊருக்கு ஒன்று இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு போய்க் குளிக்கிறோம். உயரம் ஆறு அடிகூட இருக்காது, பார்க்கச் சாதுவாகத் தெரியும். மேலிருந்து விழும் தண்ணீர் அடிக்குப் போய், கொஞ்சம் தள்ளி மேலே வந்து, திரும்ப சுவரை நோக்கியே ஓடும். விழுந்தவனை அப்படி உருளும் தண்ணீர் மறுபடி மறுபடி சுவரடிக்கே கொண்டுவந்து அமுக்கும். அதோடு அங்கே தண்ணீரில் பாதி நுரை, நுரையில் காற்று, காற்றில் எதுவும் மிதக்காது, 5 கிலோ தூக்கும் ஜாக்கெட் அங்கே அந்த 5 கிலோவைத் தராது. வெள்ளம் போகும் நாளில் தடுப்பணைக்குக் கீழே இறங்காதீர்கள். விழுந்தவனைக் காப்பாற்றவும் குதிக்காதீர்கள், கயிறு வீசுங்கள். நான் இப்போது 15 மீட்டர் கயிறு ஒன்றை, நுனியில் காலி தண்ணீர் கேனைக் கட்டி, டிக்கியில் வைத்திருக்கிறேன். கேனில் ஒரு சொம்பு தண்ணீர் விட்டு மூடினால் வீச வாகாக இருக்கும்.

இவ்வளவு எழுதும்போது தேக்கடியைச் சொல்லாமல் விட முடியாது. 2009 செப்டம்பர் 30. புலிகள் காப்பகத்துக்குள், பெரியாறு ஏரியில், ஜலகன்யகா என்ற இரண்டு தளப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள், நம் ஊர்க்காரர்கள் பலர் அதில் இருந்தார்கள். கரையில் விலங்கு தெரிகிறது என்று ஒரே பக்கமாக எழுந்து போனதும் சாய்ந்தது என்று சொன்னார்கள். ஜாக்கெட் யாரும் மாட்டியிருக்கவில்லை. இப்போது அங்கே மாட்டாமல் படகு நகராது. நான் போனபோது ஊழியர் ஒவ்வொரு வரிசையாக வந்து வாரைப் பார்த்தார், அதற்கு எரிச்சல்பட்ட ஒரு பெரியவரிடம் பொறுமையாக இரண்டு முறை சொன்னார். 2023 மே 7இல் மலப்புரம் மாவட்டம் தானூரில் இருட்டிய பிறகு, அளவுக்கு மீறி ஆளேற்றிய படகு கவிழ்ந்து 22 பேர், அதில் பாதிக்கு மேல் பிள்ளைகள். மூடிய கீழ்த்தளம் உள்ள படகு என்றால் நான் இப்போது கதவுப் பக்கம்தான் உட்காருகிறேன். கவிழ்ந்தால் ஜாக்கெட் மேலே தூக்கும், மேலே கூரையாக இருந்தால் அதில் போய் ஒட்ட வைக்கும். இதையெல்லாம் யோசித்துக்கொண்டு சுற்றுலா போவதா என்று மனைவி கேட்கிறாள். கதவுப் பக்கம் காற்றும் வரும் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

பிச்சாவரத்துக்கும் மகளின் ஜாக்கெட்டைக் கொண்டுபோனோம். ஆழம் குறைவு, துடுப்புப் படகு, சுரபுன்னை வேர்களுக்கு நடுவே நிழல். அங்கே அது கொசுவுக்கும் வெயிலுக்கும் தடுப்பாகத்தான் பயன்பட்டது.

டெக்சாஸில் இருக்கும் என் சித்தப்பா மகனிடம் இந்தக் கிணற்றுச் சோதனையைச் சொன்னபோது அவன் ஒரு போட்டோ அனுப்பினான். அவர்கள் ஊரில் ராணுவப் பொறியாளர் படை பராமரிக்கும் ஏரி, படகு இறக்கும் சரிவுக்குப் பக்கத்தில் ஒரு மரப்பலகை, அதில் கைக்குழந்தை முதல் பெரியவர் வரை சைஸ் வாரியாக ஜாக்கெட்டுகள் தொங்குகின்றன. காசு கிடையாது, கையெழுத்து கிடையாது, எடுத்து மாட்டிக்கொண்டு போய், திரும்பி வந்து அதே ஆணியில் மாட்டிவிட வேண்டும். அங்கே ஓடும் படகில் 13 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகள் ஜாக்கெட் போட்டே ஆக வேண்டும், சில மாநிலங்களில் வயது வரம்பு மட்டும் மாறும். அந்த நாட்டுக் கடலோரக் காவல் படை வருடா வருடம் எடுக்கும் கணக்கில், உல்லாசப் படகு விபத்தில் மூழ்கி இறந்தவர்களில் நூற்றுக்கு எண்பதுக்கு மேல் ஜாக்கெட் போடாதவர்கள். நம் துறைகளில் அந்தப் பலகையை வைத்தால் ஒரு வாரத்தில் ஆணிகூட மிஞ்சாது என்று எழுத வந்தேன், ஆனால் சைஸ் வாரியாகப் பிரித்து ஆணியில் மாட்டிக் காயப்போடுவதற்கு யாருடைய நேர்மையும் தேவையில்லை. அந்த மலை ஊர் ஏரியில் தார்ப்பாய்க்குப் பதில் நாலு கம்பும் ஒரு கயிறும் இருந்திருந்தால் இந்தக் கட்டுரையே இருந்திருக்காது.

பராமரிப்பு பற்றி: நல்ல தண்ணீரில் அலசி நிழலில் தொங்கவிடுங்கள், மொட்டை மாடி வெயிலில் போட்டால் துணி வெளுத்து நைந்துவிடும். டிக்கியில் மேலே சூட்கேஸ் வைக்காதீர்கள், உட்காரும் மெத்தையாகப் போடாதீர்கள், அமுங்கிய நுரை பழைய தடிமனுக்கு வராது. வருடத்துக்கு ஒரு தடவை எடைக்கல் கட்டி இறக்கிப் பாருங்கள், எடைக்கல் இல்லையென்றால் மாட்டிக்கொண்டு குளத்தில் நின்று பாருங்கள், தாடை வெளியே நிற்க வேண்டும்.

போன வாரம் தோட்டத்துக்குப் போயிருந்தபோது மாமனார் டிக்கியைத் திறக்கச் சொல்லி என் ஜாக்கெட்டை எடுத்து, திருப்பித் திருப்பிப் பார்த்தார். மாட்டிப் பார்த்தார். பக்கிள் போடத் தெரியவில்லை, நான் போட்டுவிட்டேன். "இதப் போட்டுட்டுக் கெணத்துல எறங்கி ஃபுட் வால்வு பாக்கலாமுங்களா?" என்றார். "முங்கவே விடாதுங்க மாமா, மேலயே தூக்கிட்டு வந்துரும்" என்றேன். கொஞ்ச நேரம் யோசித்தார். "அப்ப தென்னமட்ட விழுந்தா எடுக்க எறங்கறப்போ?" அதற்கு ஆகும் என்றேன். நெஞ்சுச் சுற்றளவு 92 சென்டிமீட்டர், எடை 61 கிலோ, குறித்துக்கொண்டு வந்திருக்கிறேன்.